வாசிக்காமல் நிற்பவரையும் பாருங்கள்: இசைக் கேள்வி பதில்

கோயம்புத்தூர் வாசகி: எனக்கு ஜாஸ் பற்றி ஒன்றுமே தெரியாது. போன வாரம் ராத்திரி தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு கறுப்பு வெள்ளை வீடியோ வந்தது. ஒரு பெண்மணி ஸ்டூலில் உட்கார்ந்து பாடுகிறார், சுற்றி வாத்தியக்காரர்கள். நடுவில் சோர்ந்துபோன முகத்தோடு ஒருவர் எழுந்து சாக்ஸபோனில் கொஞ்சமே கொஞ்சம் வாசித்தார். அதைக் கேட்கும்போது அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் இவர்கள்? அவர் ஏன் அப்படிப் பார்த்தார்?

நீங்கள் பார்த்தது பில்லி ஹாலிடே. பாட்டு ‘ஃபைன் அண்ட் மெல்லோ’, அவரே எழுதிய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை), 1939-இல் இசைத்தட்டாக வந்தது. வீடியோவில் இருப்பது அதற்குப் பல வருடம் கழித்து, 1957 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நியூயார்க்கிலிருந்து ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ என்ற பெயரில் ஒரு மணி நேரம் நேரலையாகக் காட்டிய நிகழ்ச்சி. எழுந்து நின்று வாசித்தவர் லெஸ்டர் யங்.

இருவரும் 1937-லிருந்து சேர்ந்து ரெக்கார்டிங் செய்தவர்கள். லெஸ்டர் கொஞ்ச காலம் பில்லியின் அம்மா வீட்டிலேயே தங்கியிருந்தார். அவருக்கு ‘பிரஸ்’ என்று பட்டம் வைத்தது பில்லி, பிரசிடென்ட் என்பதன் சுருக்கம். பில்லியை ‘லேடி டே’ என்று கூப்பிட்டது லெஸ்டர். அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் அவர் பாடும் வரிக்கு அடியில் இவருடைய சாக்ஸபோன் கூடவே நடந்து வரும், யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்றே சொல்ல முடியாது. அப்புறம் இருவரும் விலகிப்போனார்கள். 1957-இல் லெஸ்டருக்கு 48 வயதுதான், ஆனால் உடம்பு முழுக்கத் தளர்ந்துவிட்டது. நிகழ்ச்சியில் பெரிய குழு வாசிக்கும் பகுதியில் அவர் உட்கார வேண்டிய இடத்தில் பென் வெப்ஸ்டரை உட்காரவைத்தார்கள். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் எழுந்தார்.

மறுபடி ஒருமுறை போட்டு வரிசையைக் கவனியுங்கள். பில்லி முதலில் பாடி முடித்ததும் பென் வெப்ஸ்டர் வாசிக்கிறார், கனமான, மூச்சுக் காற்று கலந்த நாதம். அடுத்துதான் லெஸ்டர். ப்ளூஸின் ஒரே ஒரு சுற்று, 12 பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஓர் அளவு), முக்கால் நிமிடம்கூட இருக்காது. வேகம் இல்லை, வித்தை இல்லை, ஒவ்வொரு சுரத்தையும் யோசித்து யோசித்து கீழே வைப்பதுபோல வாசிக்கிறார். இயக்குநர் ஜாக் ஸ்மைட் அந்த நேரம் பார்த்து கேமராவை பில்லியின் முகத்துக்குக் கொண்டுபோகிறார். பில்லி தலையை ஆட்டுகிறார், உதடு லேசாக விரிகிறது, புருவம் உயர்கிறது. பழைய சிநேகிதன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று கண்டுகொண்ட முகம் அது, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று நிகழ்ச்சிக்கு இசை ஆலோசகராக இருந்த நாட் ஹென்டாஃப் பிற்பாடு பதிவு செய்திருக்கிறார். உங்களுக்கு அழுகை வந்ததில் ஆச்சரியமே இல்லை. ஜாஸ் தெரியாமலே உங்களுக்கு அது கேட்டிருக்கிறது.

லெஸ்டர் 1959 மார்ச் 15 அன்று இறந்தார். பில்லி அதே ஆண்டு ஜூலை 17. நடுவில் நான்கு மாதம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஸ்டூடியோவில் ஜோடனை எதுவும் கிடையாது. தயாரிப்பாளர் ராபர்ட் ஹெரிட்ஜ் திரைச்சீலை, பூந்தொட்டி எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு, கேமராக்காரர்கள் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை என்று விட்டார். தொப்பியோடு வந்தவர் தொப்பியோடு, சிகரெட் பிடித்தவர் சிகரெட்டோடு. பில்லி இந்த நிகழ்ச்சிக்காக விலை உயர்ந்த கவுன் வாங்கி வைத்திருந்தாராம். சாதாரண உடையில் வந்தால் போதும் என்றதும் கோபம் வந்திருக்கிறது. ஆனால் அந்த ஸ்வெட்டரும் பின்னால் கட்டிய கூந்தலும்தான் இன்றைக்கு நம் மனதில் நிற்கின்றன. அதே நிகழ்ச்சியில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ‘ப்ளூ மங்க்’ வாசிக்கும் இடத்தையும் தேடிப் பாருங்கள், பியானோவின் மறுபக்கத்தில் இன்னொரு பியானோ கலைஞரான கவுன்ட் பேஸி உட்கார்ந்து மங்க்கையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மாதிரிப் பழைய வீடியோக்களில் நான் முதலில் தேடுவது வாசிக்காமல் நிற்பவர்களைத்தான். இசைத்தட்டில் வாசிப்பவர் மட்டும்தான் கேட்கும். கூட இருப்பவர் எப்படிக் கேட்டார் என்பது படத்தில் மட்டும்தான் தெரியும்.

இதே பெயரில் ஒரு இசைத்தட்டும் விற்கிறார்கள். அது நான்கு நாள் முன்பு, டிசம்பர் 4-இல் தனியாகப் பதிவு செய்தது. நல்ல பதிவுதான், ஆனால் நீங்கள் தேடும் அந்த 12 பார் அதில் இல்லை. வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள்.

திருநெல்வேலி வாசகர்: ஜாஸ் அமெரிக்காவில் பிறந்த இசை. ஆனால் நல்ல வீடியோக்கள் என்று பார்த்தால் நார்வே, பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ் என்றே வருகின்றனவே, ஏன்?

ரொம்ப நாளாக என்னையும் உறுத்திய விஷயம் இது.

முதல் காரணம் காசு. ஆரம்ப காலத் தொலைக்காட்சி பெரும்பாலும் நேரலை. காற்றில் போனது போனதுதான். வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் டிவி திரைக்கு முன்னால் ஒரு ஃபிலிம் கேமராவை நிறுத்திப் படம் பிடிப்பார்கள், ‘கினெஸ்கோப்’ என்று பெயர். நீங்கள் பார்க்கும் பல வீடியோக்களில் அந்தப் புகைமூட்டமும் வளைந்த ஓரமும் அதனால் வருவதுதான். 1956-இல் ஆம்பெக்ஸ் கம்பெனியின் வீடியோ டேப் வந்தது. இரண்டு அங்குல அகலம், ஒரு மணி நேரச் சுருள் அன்றைய விலையில் சுமார் 300 டாலர். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை ஒரே தடவை ஓட்டிவிட்டு அலமாரியில் வைக்க யாருக்கு மனது வரும்? அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். மறு ஒளிபரப்பு, வீட்டில் வாங்கிப் பார்ப்பது என்ற எண்ணமே அப்போது கிடையாது. ‘டூமாண்ட்’ என்று ஒரு நெட்வொர்க் இருந்தது, 1956-இல் மூடிவிட்டார்கள். அதன் ஃபிலிம் சுருள்கள் 1970-களில் லாரியில் ஏற்றி நியூயார்க் துறைமுகத் தண்ணீரில் கொட்டப்பட்டன என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996-இல் ஒரு விசாரணையில் சாட்சி சொன்னார். அதில் என்னென்ன போயிற்றோ.

இரண்டாவது காரணம் நிறம். நாட் கிங் கோல் 1956 நவம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி தொடங்கினார். நாடு முழுக்கப் பெயர் தெரிந்த பாடகர், பார்க்க ஜனங்களும் இருந்தார்கள். ஆனால் தேசிய அளவில் ஒரு விளம்பரதாரர்கூட முன்வரவில்லை. 1957 டிசம்பரில் நிகழ்ச்சி முடிந்தது. கறுப்பினக் கலைஞரின் பெயரோடு தன் பொருளின் பெயரைச் சேர்க்க, நிறவெறி மிகுந்த தென் மாநிலங்களை நினைத்துப் பயந்தார்கள். 1970-இல்கூட நிலைமை பெரிதாக மாறவில்லை. அந்த ஆகஸ்டில் ரஹ்சான் ரோலண்ட் கிர்க், லீ மார்கன் முதலான ஜாஸ் கலைஞர்கள் மெர்வ் கிரிஃபின் என்பவரின் தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சியின் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்து, நடுவில் விசில் ஊதி ரகளை செய்து, தொலைக்காட்சியில் எங்கள் இசைக்கு இடம் எங்கே என்று கேட்டார்கள். அதன் விளைவாக 1971 ஜனவரியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் கிர்க்குக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஸ்டீவி வொண்டரின் மென்மையான பாட்டு ஒன்றை வாசிப்பதாகப் பேச்சு. ஒளிபரப்பில் அவர் பேஸ் வாத்தியக்காரர் சார்லஸ் மிங்கஸ், ஆர்ச்சி ஷெப், ராய் ஹேய்ன்ஸ் ஆகியோரோடு மிங்கஸின் ‘ஹைத்தியன் ஃபைட் சாங்’கை எடுத்து வெளுத்து வாங்கிவிட்டார். இதுவும் இணையத்தில் கிடைக்கிறது, அவசியம் பாருங்கள்.

ஐரோப்பாவுக்கு வருவோம். அங்கே தொலைக்காட்சி அரசோ பொதுத்துறையோ நடத்தியது. விளம்பரதாரரைக் கேட்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குழுக்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் ஊராகச் சுற்றும்போது உள்ளூர் நிலையம் கூப்பிட்டு ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லும், சுருளைக் காப்பகத்தில் வைத்துவிடும். 1961 டிசம்பர் 4 அன்று ஜெர்மனியின் பாடன்-பாடனில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழு வாசித்தது அப்படித்தான் தப்பியது. எரிக் டால்ஃபி அதில் புல்லாங்குழல் வாசிக்கிறார். 1965 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் கொம்ப்ளேன்-லா-தூர் என்ற சின்ன ஊர் விழாவில் கோல்ட்ரேன் வாசித்ததும் அப்படியே. ராத்திரிக் குளிரில் டிரம்ஸ் வாசிக்கும் எல்வின் ஜோன்ஸ் உடம்பிலிருந்து ஆவி கிளம்புவது படத்தில் தெரியும்.

ஐரோப்பாவை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. பிபிசியும் 1970-கள் வரை ஏராளமான டேப்புகளை அழித்திருக்கிறது. ஆனாலும் 1964 முதல் 1966 வரை பிபிசி 2 நடத்திய ‘ஜாஸ் 625’ நிகழ்ச்சிகள் நிறையவே பிழைத்திருக்கின்றன. அந்த 625 என்பது புதிய அலைவரிசையின் படத்தில் இருந்த கோடுகளின் எண்ணிக்கை. பழையதில் 405 கோடுதான்.

சேலம் கல்லூரி மாணவர்: சார், சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் வாசிக்கும் வீடியோ இரண்டு பார்த்தேன். ஒன்றில் விரலும் ஒலியும் பொருந்தவே இல்லை. போலியா? இப்போதெல்லாம் எதை நம்புவது என்றே தெரியவில்லை.

போலி இல்லை தம்பி. கோல்மன் ஹாகின்ஸும் கூட இருக்கும் வீடியோவைத்தானே சொல்கிறீர்கள்? அது 1950-இல் புகைப்படக்காரர் ஜான் மிலி எடுத்தது. முதலில் ஒலியைப் பதிவு செய்துவிட்டு, அதைப் போட்டு அதற்கு ஏற்ப வாசிப்பதுபோல நடிக்கச் சொன்னார்கள். நம் சினிமாப் பாட்டுக்கு வாயசைப்பது மாதிரி. அதனால்தான் விரல் தப்புகிறது.

இரண்டாவது, டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியோடு ‘ஹாட் ஹவுஸ்’ வாசிப்பது, 1952 பிப்ரவரி 24. பார்க்கர் நேரடியாக வாசிக்கும் ஒலியோடு படமும் இருப்பது உலகத்தில் இது ஒன்றுதான். மேலே சொன்னேனே, தண்ணீரில் கொட்டப்பட்ட டூமாண்ட், அந்த நெட்வொர்க்கின் நிகழ்ச்சியேதான் இது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு ஒரு தடவை கலங்கும். முதலில் பரிசு கொடுக்கிறார்கள். தொகுப்பாளர் இருவரையும் ‘பையன்களா’ என்கிற தொனியில், இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கிறார். பேச்சைவிட இசை உரக்கப் பேசும் என்பார்கள், எங்கள் கருத்தை அப்படியே சொல்லிக்கொள்கிறோம் என்று பார்க்கர் மரியாதையாகப் பதில் சொல்கிறார். பிறகு சாக்ஸபோனை எடுக்கிறார். உடம்பு அசையவே அசையாது. கண் மட்டும் நேராக நிற்கும், விரல் மட்டும் ஓடும். மூன்று வருடத்தில் ஆள் போய்விட்டார், 34 வயது.

எதை நம்புவது என்றால், தேதி, நிலையம், நிகழ்ச்சிப் பெயர், வாசிப்பவர்கள் பட்டியல் இந்த நான்கும் போட்டிருக்கிற வீடியோவை முதலில் நம்புங்கள். வண்ணம் பூசி, கணினியால் ‘தெளிவாக்கி’ வருபவற்றைத் தவிர்த்துவிடுங்கள், முகமே மாறிவிடுகிறது. முழுக்கக் கணினியில் செய்த பொய் வீடியோக்களும் வர ஆரம்பித்துவிட்டன, அவற்றில் தேதி இருக்காது. நீங்கள் கூடவே வாசித்துப் பழகுகிறவர் என்றால் இன்னொன்று. நொடிக்கு 24 படம் ஓடும் ஃபிலிமை ஐரோப்பியத் தொலைக்காட்சி நொடிக்கு 25 என்று ஓட்டும். வேகம் 4 சதவீதம் கூடிவிடும், சுருதியும் ஒரு அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஏறிவிடும். சுருதி சேரவில்லை என்று உங்கள் வாத்தியத்தைத் திருக வேண்டாம், வீடியோவின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

சென்னை வாசகர்: டேவ் புரூபெக், டியூக் எலிங்டன் மாதிரி ஜாஸ் கலைஞர்கள் எல்லாம் மெட்ராஸுக்கு வந்திருக்கிறார்களாமே, வீடியோ கிடைக்குமா?

வந்தது உண்மை. புரூபெக் 1958-இல், எலிங்டன் 1963-இல், இரண்டும் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய பயணம். ஆனால் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். டெல்லியிலேயே தொலைக்காட்சி தொடங்கியது 1959 செப்டம்பரில்தான். சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். யாராவது வீட்டுப் பரணில் 8 எம்எம் சுருள் இருந்தால்தான் உண்டு. உங்கள் தாத்தா கேமரா வைத்திருந்தவர் என்றால் தயவுசெய்து பரணில் ஏறிப் பாருங்கள்.

புதுச்சேரி வாசகி: எங்கிருந்து தொடங்கலாம்? எனக்குப் பிரெஞ்சு தெரியும்.

அப்படியென்றால் கொடுத்துவைத்தவர். பிரான்ஸின் தேசிய ஒலி ஒளிக் காப்பகமான ‘இனா’ 2006 ஏப்ரலில் தன் காப்பகத்தின் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு இணையத்தில் திறந்துவிட்டது. பிரெஞ்சு வார்த்தைகளைப் போட்டுத் தேடினால் ஆங்கிலத் தேடலில் வராதவை வரும். 1969 டிசம்பரில் பாரிஸில் மங்க்கைப் பேட்டி எடுத்தபோது மிஞ்சிய, வெட்டி ஒதுக்கிய சுருள்களும் அந்தக் காப்பகத்தில்தான் கிடந்தன. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அவர் வியர்வை வழிய உட்கார்ந்திருக்கிறார். இயக்குநர் அலெய்ன் கோமிஸ் அதை வைத்து 2022-இல் ஒரு படமே செய்தார். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள், மனது கனத்துவிடும்.

தொடங்க வேண்டியது டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், 1959 ஏப்ரல் 2, ‘சோ வாட்’. இதுவும் அதே ராபர்ட் ஹெரிட்ஜ் தயாரித்ததுதான். அந்தப் பாட்டு உள்ள மைல்ஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டின் முதல் பதிவு மார்ச் 2, இரண்டாவது ஏப்ரல் 22. அதாவது வேலை பாதியில் இருக்கும்போது எடுத்த படம். ஆல்டோ சாக்ஸபோன் கேனன்பால் ஆடர்லிக்குத் தலைவலி, வரவில்லை. அதனால் கோல்ட்ரேனுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. மைல்ஸ் வாசித்து முடித்ததும் ஓரமாக ஒதுங்கிவிடுகிறார். கோல்ட்ரேன் தன் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே போகிறார்.

அப்புறம் அதே கோல்ட்ரேன், 1963 டிசம்பர் 7, சான் பிரான்சிஸ்கோவில் ரால்ஃப் கிளீசன் நடத்திய ‘ஜாஸ் கேஷுவல்’. மற்ற விருந்தினர்கள் கிளீசனோடு உட்கார்ந்து பேசுவார்கள், இதில் கோல்ட்ரேனின் பேட்டி கிடையாது, இசை மட்டும். அந்த செப்டம்பர் 15-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகர தேவாலயத்தில் இனவெறியர்கள் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் செத்துப்போனார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ‘அலபாமா’ வாசிக்கிறார். ஒப்பாரியின் இழுப்பு அதில் எனக்குக் கேட்கிறது. வேறு என்ன பேட்டி வேண்டும்?

ஈரோடு வாசகர்: ஒருமுறை பார்த்த வீடியோ அடுத்த மாதம் காணாமல் போய்விடுகிறதே?

போகும். உரிமை வைத்திருப்பவர் கேட்டால் எடுத்துவிடுவார்கள், அதில் தவறு சொல்ல முடியாது. ஒரு நோட்டில் தேதி, ஊர், நிகழ்ச்சிப் பெயர், வாசித்தவர்கள் பெயரை எழுதி வையுங்கள். வேறு யாராவது வேறு தலைப்பில் ஏற்றியிருப்பார்கள், எழுதி வைத்த தேதியைப் போட்டால் அகப்படும். ஐரோப்பியக் காப்பகங்களிலிருந்து ‘ஜாஸ் ஐகான்ஸ்’ என்ற வரிசையில் 2006 முதல் நல்ல டிவிடிக்கள் வந்தன. பழைய பிரதி கிடைத்தால் விடாதீர்கள், இணையத்தில் ஓடும் நகலைவிடப் படமும் ஒலியும் எவ்வளவோ மேல்.

மதுரை வாசகர்: இத்தனை வீடியோவில் உங்களுக்கு ஒன்றே ஒன்று என்றால் எது?

ஒன்று சொல்ல முடியாது, இரண்டு சொல்கிறேன்.

கிளிஃபர்ட் பிரவுன் என்று ஒரு டிரம்பெட்காரர். 1956 ஜூன் 26-இல் கார் விபத்தில் இறந்தார், 25 வயது. இசைத்தட்டுகள் இருந்தன, புகைப்படங்கள் இருந்தன, அசைந்து வாசிக்கும் படம் மட்டும் கிடையவே கிடையாது என்றே நாற்பது வருடம் போயிற்று. டெட்ராய்ட் நகரத் தொலைக்காட்சியில் சூப்பி சேல்ஸ் என்று ஒரு நகைச்சுவைக்காரர் ராத்திரி நிகழ்ச்சி நடத்தியவர், ஜாஸ் பைத்தியம், ஊருக்கு வரும் வித்வான்களையெல்லாம் கூப்பிட்டு வாசிக்கவைத்தவர். 1990-களில் அவர் வீட்டு கராஜில் இருந்த பழைய சுருள்களிலிருந்து ஒன்று வெளியே வந்தது. அதில் பிரவுன் இருக்கிறார். இரண்டே பாட்டு, ‘லேடி பி குட்’, ‘மெமரீஸ் ஆஃப் யூ’. காதில் மட்டும் கேட்டுக் கேட்டு நாமாக மனதில் வரைந்து வைத்திருந்த ஆள் திடீரென்று கோட்டும் சூட்டுமாக எதிரே வந்து நின்றால் எப்படி இருக்கும்? முதல் தடவை பார்த்தபோது ஒலியை நிறுத்திவிட்டு அவருடைய கன்னத்தையும் விரலையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, 1964 ஏப்ரலில் மிங்கஸ் குழு ஐரோப்பாவைச் சுற்றியது. எரிக் டால்ஃபி, கிளிஃபர்ட் ஜோர்டன், ஜானி கோல்ஸ், ஜாக்கி பயார்ட், டானி ரிச்மண்ட். பயணம் முடிந்ததும் டால்ஃபி ஊருக்குத் திரும்பாமல் ஐரோப்பாவிலேயே தங்கப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயணத்தில் எடுத்த ஒரு காட்சியில் மிங்கஸ், எவ்வளவு நாள் இங்கே இருக்கப்போகிறாய் என்று அவரைக் கேட்கிறார். விடைகொடுக்க ‘சோ லாங் எரிக்’ என்றே ஒரு பாட்டு வைத்திருந்தார். ஏப்ரல் 12-இல் ஆஸ்லோவில் ஆறு பேர் வாசித்தார்கள். 17-ஆம் தேதி பாரிஸ் மேடையில் கோல்ஸ் சுருண்டு விழுந்து மருத்துவமனைக்குப் போனார். 19-ஆம் தேதி பெல்ஜியத் தொலைக்காட்சிக்காக லியேஜ் நகரில் வாசிக்கும்போது ஐந்து பேர்தான். ஜூன் 29-இல் டால்ஃபியும் இல்லை. பெர்லினில், கண்டுபிடிக்காமல் விட்ட சர்க்கரை நோய். வயது 36.

லியேஜ் வீடியோவில் ‘மெடிடேஷன்ஸ்’ வரும். மிங்கஸ் ஆளுயரத் தந்தி வாத்தியமான பேஸை வில்லால் இழுக்க, டால்ஃபி புல்லாங்குழலோடு அதன்மேல் ஏறி இறங்குவார். அந்த இடத்தில் வாசிக்காமல் நிற்கும் கிளிஃபர்ட் ஜோர்டனைப் பாருங்கள். பார்த்துவிட்டு என்ன தோன்றியது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.